கரடியிடமிருந்து தற்காப்பு: காட்டுக்குச் செல்லும் கமக்காரர் எதைக் கைக்கொள்வது?

காலபோக வெள்ளாண்மை அரிவுவெட்டு முடிந்து நெல் வீடு சேர்ந்த பின்னர், வரண்ட வலயத்துக் கமக்காரருக்குக் காட்டிலே வேலை பலவுண்டு. குளத்து நீர் போதாத ஆண்டுகளிற் சிறுபோகச் செய்கை சுருங்கிவிடுதலால் அவ்வேலை மேலும் பெருகும். வேலிக்குக் கம்பு வெட்டவும், பட்டியை விட்டுப் பிரிந்த எருமையைத் தேடவும், தேன் எடுக்கவும், பாலைப்பழம் சேர்க்கவும் அவர் காட்டுக்குச் செல்கின்றார். பாலையும் வீரையும் பழுப்பது வைகாசிக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட மாதங்களிலாகும். அப்பழங்களையும் தேனையும் விரும்பி, அதே காட்டில், அதே மாதங்களில் அலைவது கரடி. இருவரும் எதிர்ப்படும் இடம் பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையின் ஒரு திருப்பமாகவே இருக்கும்.

இலங்கைக் கரடி, இந்தியாவில் வாழும் கரடியின் ஓர் உபவினமாகும். உருவத்திற் சற்றுச் சிறியது, உரோமமும் குறைவானது. வில்பத்து, யால, வஸ்கமுவ ஆகிய தேசிய வனங்களிலும், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் காடுகளிலும் இது காணப்படுகின்றது. இதன் தொகை தீவு முழுவதிலும் 1,000க்குக் குறைவென்றே ஆய்வாளர் மதிக்கின்றனர். யானையும் பன்றியும் போல வயலைத் தேடி வரும் விலங்கன்று இது. கறையான், எறும்பு, தேன், காட்டுப் பழம் என்பனவே இதன் முக்கிய உணவு. கறையான் புற்றைக் கிண்டுதற்கென அமைந்த நீண்டு வளைந்த நகங்களும், கறையானை உறிஞ்சுதற்கு வசதியாக மேல்வாயின் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாத வாயும் இதற்குண்டு. மனிதனுக்குத் தீங்கு செய்வதும் புற்றைக் கிண்டும் அந்நகங்களே.

பயிரையும் தேடாமல், மனிதனைத் தின்னவும் நாடாமல் இருக்கும் விலங்கு ஏன் பாய்கின்றது? சிறுத்தையும், இந்தியாவிற் புலியும் வாழும் காட்டிலே வளர்ந்த இனம் இது. ஓடி ஒளிவதிலும் எதிர்த்துப் பாய்வதே தனக்குக் காப்பெனக் கொள்ளும் இயல்புடையது. மோப்பம் மிகக் கூரியது. ஆனாற் கண்பார்வை மந்தமானது. புற்றிலே வாயை வைத்து உறிஞ்சும்போது எழும் இரைச்சல் நெடுந்தூரம் கேட்கும். அவ்விரைச்சலில் மனிதனுடைய காலடி ஓசை அதன் செவிக்கு எட்டுவதில்லை. பகலிலே அடர்ந்த பற்றைக்குள்ளோ கற்குகையிலோ உறங்கும் கரடியும் அவ்வாறே ஆள் நெருங்கியதை அறியாது கிடக்கும். அறிந்த கணத்தில் மனிதன் மிக அண்மையில் நிற்பான். அச்சங்கொண்ட கரடி அவ்வச்சத்தினாலேயே பாய்ந்து, தலையையும் முகத்தையும் பற்றும். குட்டியை முதுகிற் சுமந்து செல்லும் தாய்க்கரடியாயின் ஆபத்து இன்னும் பெரிது. கண்ணையும் மூக்கையும் இழந்து உயிர் தப்பியோர் காட்டோரக் கிராமங்களில் உளர். கரடியின் கையில் அகப்பட்டவர் உயிரோடு மீண்டாலும் பழைய முகத்தோடு மீள்வது அரிது.

ஆகையால், தற்காப்பு என்பது கரடி பாய்ந்த பின்னர் கையில் எது இருக்கவேண்டும் என்ற கேள்வியாக மாத்திரம் இருத்தலாகாது. ஆயினும் காட்டுக்குச் செல்வோர் முதலிற் கேட்பது அதனையே, அதனையும் ஆராய்வோம்.

துவக்கு வைத்திருப்பவர் அதனையே பெரிதும் நம்புகின்றார். பற்றையிலிருந்து சில மீற்றர் தூரத்திற் கிளம்பிப் பாயும் கரடியின் முன்னே, தோளிற் கிடக்கும் துவக்கை எடுத்து, குறி பார்த்து, விசையை இழுக்க எத்தனை பேருக்கு நேரம் கிடைக்கும்? ஒற்றைக்குழல் துவக்காயின் ஒரு வெடிக்கு மேல் இல்லை. அவ்வெடி பிழைத்தாற் காயம்பட்ட கரடி முன்னிலும் கொடியதாகும். கூட வந்தவர் மீது ஈயம் படவும் கூடும். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் நேர்ந்த கரடித் தாக்குதல்களை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, துவக்கைக் கையில் வைத்திருந்தோருள் அதனைச் சுட்டவர்க்கும் சுடாதவர்க்கும் நேர்ந்த காயங்களில் வேறுபாடு காணவில்லை. அங்குள்ள கரடிகள் நமது கரடியிலும் பன்மடங்கு பெரியன என்பது உண்மையே. ஆயினும் கையில் துவக்கு இருப்பது ஒன்றே காப்பாகாது என்பது இரு நாட்டுக்கும் பொருந்தும். மேலும், 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கரடி காக்கப்பட்ட விலங்காகும். அதனை வேட்டையாடுதல் குற்றம். கட்டுத்துவக்கு வைப்பதோ இன்னும் கேடானது. அது கரடியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் அவருடைய மாட்டையும் பிரித்தறியாது.

கோடரியும் காட்டுக்கத்தியும் வேலைக்கு எப்படியும் கொண்டு செல்லப்படுவனவே. நெருக்கத்தில் வேறு வழியின்றிப் போராட நேர்ந்தால் அவை உதவலாம். ஆனாற் கத்தியின் நீளத்துக்குள் வந்துவிட்ட கரடி, நகத்தின் நீளத்துக்குள்ளும் வந்துவிட்டது. நாயைப் பற்றியும் ஒரு சொல். நல்ல நாய் முன்னே சென்று குரைத்துக் கரடியைக் கலைக்கும். பயந்த நாயோ எசமானின் காலடிக்கே ஓடிவரும். அதன் பின்னே கரடியும் வரும்.

வட அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுகள் முதலாக மிளகாயின் உறைப்புச் சத்தை அமுக்கி அடைத்த குப்பி ஒன்று வழக்கத்துக்கு வந்தது. அதனை அழுத்தினால் உறைப்புப் புகை சில மீற்றர் தூரம் பாய்ந்து கரடியின் கண்ணையும் மூக்கையும் எரியச் செய்யும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்தபோது, இதனைக் கைக்கொண்டோரில் 100க்கு 98 பேர் காயமின்றித் தப்பினர் எனக் கண்டனர். குறி துல்லியமாக இருக்கவேண்டியதில்லை என்பதும், கரடி சாவதில்லை என்பதும் இதன் சிறப்புகள். எனினும் இது நமது கிராமக் கடைகளில் வாங்கும் பொருளன்று. இதனைக் கேள்வியுற்று மிளகாய்த் தூளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு காட்டுக்குச் செல்ல எண்ணுவோர் அவ்வெண்ணத்தை விடுதல் நன்று. எதிர்க்காற்றில் அத்தூள் எறிந்தவரின் கண்ணிலேயே விழும்.

பணச் செலவின்றிக் கிடைக்கும் காப்பு ஒன்றுண்டு; அது ஓசை. மனிதன் வருகின்றான் என்பதைத் தூரத்திலேயே அறிந்த கரடி பெரும்பாலும் விலகிச் செல்லும். தனியே செல்லாது மூவர் நால்வராகச் செல்வதும், உரக்கப் பேசிக்கொண்டு நடப்பதும், திருப்பத்திலும் அடர்ந்த பற்றை ஓரத்திலும் கோடரிக் காம்பால் மரத்தைத் தட்டிக் குரல் கொடுப்பதும் துவக்கிலும் மேலானவை. இந்தியாவிற் சில காட்டோரக் கிராமங்களில் மணி கட்டிய நீண்ட தடியைக் கொண்டு செல்லும் வழக்கம் புகுத்தப்பட்டுள்ளது. மாட்டுக்குக் கட்டும் மணி நமது வீடுகளிலும் உண்டு, தடிக்கும் பஞ்சமில்லை. நடக்கும்போது மணி ஒலிக்கும். நெருக்கடியில் தடியை நீட்டிப் பிடித்துக் கரடியைச் சற்றுத் தூரத்திலேயே தடுக்கவும் முயலலாம். வேட்டைக்குச் செல்பவர் ஓசையின்றி நடக்கவேண்டியிருத்தலால் இக்காப்பை அவர் தாமாகவே இழக்கின்றார்.

விடியற்காலையிலும் மாலையிலும் இரவிலும் கரடி மிகுதியாக நடமாடும். அந்நேரங்களில் மோட்டை ஓரத்துக்கோ பழம் உதிர்ந்து கிடக்கும் பாலை மரத்தின் கீழோ செல்லலாகாது. வேறு நீரில்லாத வறட்சிக் காலத்தில் மோட்டை நீரை நாடி அது வந்தே தீரும். புதிதாகக் கிண்டிய புற்றும், மரப்பட்டையில் நகக்கீறலும் கண்டால் வேறு வழியாகச் செல்க. கற்குகைக்குள் எட்டிப் பார்த்தல் வேண்டாத வேலை.

கரடி தூரத்தில் நின்றால், அதன்மேற் கண் வைத்தபடி மெல்லப் பின்வாங்கவேண்டும். ஓடுதல் பயன்படாது, கரடி மனிதனிலும் விரைந்து ஓடும். மரத்தில் ஏறுதலும் அத்தகையதே. தேனுக்காக மரம் ஏறிப் பழகிய விலங்கு அது. பாய்ந்து விழுத்திவிட்டதாயின், குப்புறப் படுத்து, முகத்தை நிலத்தோடு சேர்த்து, இரு கைகளையும் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளவேண்டும். அத்தாக்குதல் அச்சத்தினால் எழுந்ததாகலின் பெரும்பாலும் சிறிது நேரத்தில் ஓயும். கூட வந்தவர்கள் ஒன்றாக நின்று கூக்குரலிட்டுக் கரடியைக் கலைத்தல் வேண்டும்.

காயம்பட்டவரைக் கிடத்தும் முறையிலும் உயிர் தங்கியிருக்கின்றது. முகம் கிழிந்தவரை மல்லாத்திக் கிடத்தினால் இரத்தம் தொண்டைக்குட் சென்று மூச்சை அடைக்கும். நினைவு உள்ளவரை முன்னே சாய்ந்து இருக்கச் செய்க. நினைவிழந்தவரை ஒருக்களித்துக் கிடத்துக. சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து விடாது அழுத்துக. கிழிந்து தொங்கும் தோலை வெட்டி எறியாது, இருந்த இடத்திலேயே மெல்லப் படியவைத்துக் கட்டுக. வைத்தியர் அதனைத் தைத்துப் பொருத்தக் கூடும். பச்சிலைச் சாறு, சாம்பல் முதலியவற்றை இடலாகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். வண்டி காட்டுக்குள் வர இயலாதாகையால், சந்திக்கும் தெரு முனையையும் அழைக்கும்போதே சொல்லவேண்டும். காயம் சிறிய கீறலாயினும் சவர்க்காரமும் நீரும் கொண்டு நன்கு கழுவி, நீர்வெறுப்பு நோய்க்கும் ஏற்புவலிக்கும் உரிய தடுப்பூசிகள் பற்றி அன்றைக்கே வைத்தியசாலையிற் கேட்டறிதல் வேண்டும்.

காயம்பட்டவரை அனுப்பிய பின்னர், தாக்குதல் நிகழ்ந்த இடத்தைக் கிராம உத்தியோகத்தருக்கும் அண்மையிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் அறிவிக்கவேண்டும். மறுநாள் அவ்வழியே தேனுக்குச் செல்ல இருப்பவர் வேறு பாதையைத் தெரிந்துகொள்ள அது உதவும்.