கொப்பியின் பின்பக்கத்துச் சித்திரக்கதை

வட்டக்கச்சியில் நம்மிடம் பயிலும் மாணாக்கன் ஒருவனுடைய கணிதக் கொப்பியைச் சென்ற தவணையிற் புரட்டிய நாம், அதன் பின்பக்கத்தில் ஒரு சித்திரக்கதையைக் கண்டோம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்துவிடப்பட்ட ஓர் இரவில், கிழவர் ஒருவரும் அவருடைய எருமையும் வாய்க்காலோரமாக நடந்து செல்கின்றனர். எருமையின் கால்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஆயினும், அடுத்த கட்டத்தில் என்ன நிகழுமோ என்னும் ஆவல் நம்மை விடவில்லை. கண்டிப்பதற்கென்று எடுத்த கொப்பியை முற்றாக வாசித்த பின்னரே திருப்பிக் கொடுத்தோம்.

“இதை எங்கே அனுப்பலாம், சேர்?” என்று அவன் வினவினான். நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அதனைத் தேடியபோது அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

யப்பான் தேசத்துப் பதிப்பகமாகிய ஷுவேஷா, 1968ஆம் ஆண்டில் ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கிற்று. பெயர்பெற்ற சித்திரக்காரரோ 1959 முதல் வெளிவந்துகொண்டிருந்த இரு போட்டிச் சஞ்சிகைகளுக்கு வரைந்துகொண்டிருந்தனர். ஆதலின், புதியவர்களைத் தேடியே தீரவேண்டியதாயிற்று. இல்லாமையால் நேர்ந்த இவ்வேற்பாடு பின்னர் அச்சஞ்சிகையின் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. நம் பிள்ளைகள் நன்கறிந்த ‘டிராகன் போல்’, ‘நருட்டோ’ என்பன அதில் வந்தவையே.

2014இல் அதே பதிப்பகம் ‘ஜம்ப் ரூக்கி’ என்னும் இணையத்தளத்தைத் திறந்தது. தாள்களைச் சுமந்துகொண்டு ரோக்கியோ நகரத்துக் காரியாலயத்தின் படியேற வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே கதையை ஏற்றலாம். வாசகரும் பார்ப்பர், பத்திராதிபரும் பார்ப்பர். 2022இல் ‘மங்கா பிளஸ் கிரியேட்டர்ஸ்’ என்னும் பெயரிற் பிறநாட்டாருக்கும் ஒரு வாயில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அங்கே ஏற்கப்பட்டவை ஆங்கிலமும் ஸ்பானிய மொழியுமே.

கோடு சரியாக வரவில்லையே என்று கூசும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ‘ஒன்’ என்னும் புனைபெயர் கொண்ட யப்பானியர் ஒருவர், 2009இல் ‘ஒன் பஞ்ச் மேன்’ என்னும் கதையை இணையத்தில் தாமாகவே வெளியிட்டார். சித்திரங்கள் கரடுமுரடானவை, பள்ளிப் பிள்ளையின் கை என்றே எவரும் எண்ணுவர். கதையோ வாசகரைக் கட்டிப்போட்டது. தேர்ந்த சித்திரக்காரராகிய யூசுகே முராத்தா அதனைப் புதிதாக வரைய முன்வந்தார். 2012 முதல் ஷுவேஷாவின் இணையச் சஞ்சிகையில் அது தொடராயிற்று. கதை ஒருவருடையது, கை மற்றொருவருடையது.

நம் நாட்டிலும் ‘சவாரித் தம்பர்’ என்னும் பாத்திரத்தைப் படைத்த ‘சிரித்திரன்’ சுந்தர், தம் சஞ்சிகையில் இளம் எழுத்தாளர் பலருக்கு இடமளித்தார். இன்று நம் மாணாக்கனுக்குத் தமிழில் எந்த வாயிலைக் காட்டுவது? இதனை நம் பதிப்பகத்தாரிடமே கேட்கவேண்டும்.

ஆயினும் மொழி தடையாகாத ஒரு வழியும் உண்டு. கோவாமிக்ஸ் என்னும் மற்றொரு யப்பானிய நிறுவனம் 2012இல் ‘சைலன்ட் மங்கா ஒடிஷன்’ என்னும் போட்டியை அறிவித்தது. அதில் உரையாடலே கூடாது, படமே பேசவேண்டும். எந்நாட்டாரும் கலந்துகொள்ளலாம் என்பதற்காகவே இவ்விதி.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எத்தளத்தில் ஏற்றுவதாயினும், படைப்பின் உரிமை பிள்ளையிடமே நிற்குமா என்பதை நிபந்தனைகளில் வாசித்தறிந்த பின்னரே சம்மதம் தருக.

இவற்றையெல்லாம் அவனிடம் கூறினோம். அவனுடைய கதையில் மொத்தம் மூன்றே சொற்கள்; அவற்றை நீக்குவது கடினமன்று. எருமையின் கால்களை மட்டும் திருத்தி வரையுமாறு சொன்னோம்.

“அது நொண்டி எருமை, சேர். கதையே அதுதானே!” என்றான்.