வட்டிக்கு வட்டி

வட்டிக்கு வட்டி என்றவுடன் நம்மவர் மனத்தில் லேவாதேவிக்காரரின் முகமே தோன்றுகிறது. அதில் வியப்பில்லை. ஆயினும் அதே கணக்கைப் பொது நன்மைக்கு உபயோகிக்க முயன்ற பெரியார் ஒருவரும் உண்டு.

1790-ம் வருஷம் காலஞ்சென்ற அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின், ஜன ஆட்சியில் உத்தியோகஸ்தர் சம்பளம் பெறலாகாதென்ற கொள்கையுடையவர். பென்ஸில்வேனியா மாகாணத்தின் தலைவராயிருந்து பெற்ற சம்பளத்தினின்று, பாஸ்டன், பிலடெல்பியா என்னும் இரு நகரங்களுக்கும் தனித்தனியே ஆயிரம் பவுன் எழுதி வைத்தார். 25 வயதுக்குட்பட்ட, விவாகமான கைத்தொழிலாளருக்கு, கண்ணியமான இருவரின் ஜாமீன் பேரில், நூற்றுக்கு 5 வட்டிக்கு அதைக் கடன் கொடுக்க வேண்டும். வருஷந்தோறும் பத்திலொரு பங்கு அசலும் வட்டியும் திரும்பி வர வேண்டும். வந்ததை மீண்டும் கடனாகவே விட வேண்டும். இவ்வாறு நூறு வருஷம் நடந்தால் ஆயிரம் பவுன் 1,31,000 பவுனாகும் என்றார். அவர் கணக்கு சரியே. அசலுக்கு மாத்திரம் வட்டி கூட்டினால் அதே காலத்தில் ஆறாயிரந்தான் தேறும்.

ஆனால் நடந்தது வேறு. கடன் வாங்கியவர்களில் பலர் தவணை தவறினர். தொழிற்சாலைகள் பெருகவே, தொழில் பழகித் தனியே கடை வைக்கும் வாலிபர் குறைந்தனர்; கடன் கேட்பாரும் அருகினர். பாஸ்டன் நிர்வாகிகள் பணத்தின் பெரும்பகுதியை ஓர் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்புவித்தனர். முதல் நூறு வருஷ முடிவில் எந்த நகரிலும் 1,31,000 பவுன் சேரவில்லை. அப்போது பொது வேலைகளுக்கு எடுத்தது போக மிச்சம் தொடர்ந்து வளர்ந்து, 1990-ல் பாஸ்டனில் சுமார் 50 லட்சம் டாலரும், பிலடெல்பியாவில் சுமார் 20 லட்சம் டாலரும் இருந்தன. தர்மம் ஒன்றே, முதல் ஒன்றே, காலமும் ஒன்றே. பலனோ இரண்டரை மடங்கு வித்தியாசம்!

சேமிப்பின் வளர்ச்சி எளிதில் தடைப்படும் என்பதை இதனால் அறிகிறோம். கடனின் வளர்ச்சிக்கோ அத்தகைய தடையில்லை. மாதம் நூற்றுக்கு 3 வட்டியில் வாங்கிய பதினாயிரம் ரூபாய், ஒன்றும் கட்டாவிடில், ஒரே வருஷத்தில் 14,258 ரூபாயாகிறது. அதே பதினாயிரத்தை வருஷம் நூற்றுக்கு 7 வட்டிக்குப் பாங்கியிலிட்டால் ஐந்து வருஷமான பின்னும் 14,026 ரூபாய்தான். கந்துவட்டிக்காரரை ஏசும் கனவான்கள், தங்கள் கிரெடிட் கார்டின் மாத வட்டியை ஒரு முறை வாசித்துப் பார்ப்பார்களாக. இரண்டுக்கும் கணக்கு முறை ஒன்றே, காகிதந்தான் வழவழப்பு!

வாழ்க்கையிலும் இப்படியே. தினம் அரைமணி நேரம் சட்டமோ பொருளாதாரமோ படிக்கும் வாலிபனுக்கு முதல் வருஷம் பெரும் கஷ்டம். இரண்டாம் வருஷம் படிப்பது, முன் படித்ததன் உதவியால் விரைவில் விளங்குகிறது. ஆனால் நாலு மாதம் புஸ்தகத்தை மூடி வைத்தால் அசலே கரைகிறது. சோம்பலும் குடியுமோ எவர் முயற்சியையும் எதிர்பாராமல், லேவாதேவிக்காரரின் கணக்கைப் போல் இரவும் பகலும் ஏறுகின்றன. இந்த அநீதிக்கு நாம் மாற்று அறியோம்.

ஆதலால் மாதக் கடைசியில் நூறு ரூபாய் மிஞ்சும் குடும்பஸ்தன், அதைப் பாங்கிக்கு எடுத்துச் செல்லுமுன், பெட்டியிலுள்ள கடன் பத்திரங்களை வெளியே எடுத்து, எதற்கு வட்டி அதிகமோ அதனிடம் முதலில் அந்த நூறு ரூபாயைச் செலுத்தட்டும்.