வண்டிக்குப் பிணை யார்?

சென்ற விடுமுறைக் காலத்தில் ஒருநாள் மாலை, நம்மிடம் கல்வி பயின்ற பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். ஜேர்மனி நாட்டின் ஸ்ருட்காட் நகரில் மனைவியோடும் மக்கள் இருவரோடும் வாழ்பவர் அவர். விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறு பல செய்திகளையும் பேசினோம். பேச்சு மெல்ல மோட்டார்க் காரின்மேற் சென்றது. ஸ்ருட்காட்டில் வாழ்பவரிடம் காரைப் பற்றிக் கேளாதிருத்தல் எங்ஙனம்? மேர்சிடிஸ் பென்ஸ், போர்ஷ ஆகிய இரண்டு கார்களுக்கும் அந்நகரே தலைமையிடமாகும்.

"சேர், அப்படியான ஒரு கார் வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. புதிதாக வாங்க வசதியில்லை. 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு வியாபாரியிடம் ஐந்து வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். ஓகஸ்டில் பிள்ளைகளுக்குக் கடல் காட்டுவதற்காக இத்தாலிக்குப் புறப்பட்டோம். இன்ஸ்புறூக் நகருக்கு அப்பால் மலை ஏறும்போது கியர் பொக்ஸ் உடைந்துவிட்டது" என்றார்.

இதனைச் சிரித்துக்கொண்டே கூறினார். ஆனால், அன்று அவர் சிரித்திருக்க மாட்டார். அவ்வூர்ப் பழுதுபார்க்கும் நிலையத்தார் கேட்ட தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தையும் விழுங்கக்கூடியதாயிருந்தது. விற்ற வியாபாரியைத் தொலைபேசியில் அழைத்தபோது, "உற்பத்தியாளரின் உத்தரவாதம் முன்னரே முடிந்துவிட்டது, மலையில் ஏற்றியது நீங்கள்" என்று கூறி அவர் கைவிரித்துவிட்டார்.

இச்சம்பவம் எவ்வாறு முடிந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன் வாசகர்களுடன் ஒரு வினாவை ஆராய விரும்புகின்றோம். விலை கொடுத்து வாங்கிய வண்டி நடுவழியிற் கைவிட்டால், அதற்குப் பிணை நிற்பவர் யார்?

பிணையின்றிப் புறப்பட்ட பயணம்

1886 ஆம் ஆண்டு ஜனவரி 29 ஆந் திகதி, கார்ல் பென்ஸ் என்பவர் பெற்றோலியப் பொருளால் இயங்கும் மூன்று சக்கர வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இன்றைய மோட்டார்க் காரின் பிறந்தநாளாகக் கருதப்படுவது அந்நாளே. ஆயினும், வண்டியை வாங்குதற்கு மக்கள் முன்வரவில்லை. குதிரை பூட்டாத வண்டியை நம்பி எவர்தாம் பணம் கொடுப்பர்?

அந்நம்பிக்கையை ஊட்டியவர் கார்லின் மனைவி பேர்த்தா அம்மையார். திருமணத்துக்கு முன்னரே தம் சீதனப் பணத்தைக் கார்லின் தொழிலுக்கு ஈந்தவர் இவர். 1888 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாட் காலை, கணவருக்குச் சொல்லாமலே தம் மைந்தர் இருவரையும் அழைத்துக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து தாம் பிறந்த ஊராகிய போர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியிற் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அதற்குமுன் அத்துணைத் தூரம் மோட்டார் வண்டியில் எவரும் சென்றதில்லை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெற்றோல் நிலையம் என்பதே உலகில் இல்லாத காலம் அது. வீஸ்லொக் என்னும் ஊரில் மருந்துக்கடை ஒன்றிற் புகுந்து, கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருட் குழாய் அடைத்தபோது தம் தொப்பியின் ஊசியாற் குத்தி அடைப்பை நீக்கினார் என்பர். மேட்டிலே வண்டி ஏற மறுத்த இடங்களில் இறங்கித் தள்ளினர். தடைக்கட்டை தேய்ந்தபோது சக்கிலியர் ஒருவரைக் கொண்டு அதற்குத் தோல் தைப்பித்தார். மாலையிற் போர்ட்ஸ்ஹைமை அடைந்ததும் கணவருக்குத் தந்தி அனுப்பினார். சில நாட்களின் பின் அதே வண்டியில் வீடு திரும்பினார்.

இப்பயணம் வெறும் வேடிக்கையன்று. வண்டியில் எக்குறை எங்கே வெளிப்படுகிறது என்பதை அம்மையார் கண்டறிந்து வந்து கணவரிடம் கூறினார். மேடேறுதற்கென மற்றுமொரு கியர் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. செய்தவர் வீட்டினரே வண்டியிலேறித் தெருவிற் சென்று காட்டியதுதான் அக்காலத்து உத்தரவாதம். 2008 ஆம் ஆண்டு முதல் அப்பாதை பேர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்னும் பெயரோடு விளங்குகின்றது.

சொல்லும் இரண்டு, பொருளும் இரண்டு

இன்று வண்டி செய்பவரை வாங்குபவர் காண்பதில்லை. ஆதலின், நம்பிக்கையின் இடத்தைச் சட்டமும் கடதாசியும் பிடித்துள்ளன. நாம் 'உத்தரவாதம்' என்று பொதுவாகக் கூறுவதற்கு ஜேர்மானியரிடம் இரண்டு சொற்கள் உள. ஒன்று 'கெவேர்லைஸ்ருங்', மற்றையது 'கறன்ரீ'. இவற்றின் வேறுபாட்டை அறியாது பணத்தை இழந்தவர் பலர்.

முதலாவது, சட்டம் விதிக்கும் கடப்பாடு. அது விற்றவரையே சாரும், உற்பத்தியாளரையன்று. ஒப்படைக்கும் வேளையிற் பொருள் குறையற்றதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். புதுக் காருக்கு அதன் காலம் இரண்டு ஆண்டுகள். பழைய காராயின், வியாபாரி அதனை ஓராண்டாகக் குறைக்கலாம். அதனையும் வாங்குபவருக்குத் தனியாக எடுத்துக்கூறி, உடன்படிக்கையில் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். தம் சொந்தப் பாவனைக்கு வாங்கும் ஒருவருக்கு ஓராண்டுக்குக் கீழ் வியாபாரி குறைத்தல் இயலாது. வியாபாரியல்லாத தனியாள் ஒருவர் தம் காரை விற்கும்போதோ, இக்கடப்பாட்டை உடன்படிக்கையால் விலக்கிக்கொள்ளலாம். அறிந்தே மறைத்த குறைக்கு மாத்திரம் அவரும் தப்ப முடியாது.

இரண்டாவதாகிய 'கறன்ரீ' உற்பத்தியாளரோ வேறு நிறுவனமோ தாமே விரும்பிக் கொடுக்கும் வாக்குறுதி. அதன் காலமும் நிபந்தனையும் கொடுப்பவர் வகுத்தபடியே அமையும். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அமெரிக்காவிற் புதுக் காருக்கு நான்கு ஆண்டுகள் அல்லது 50,000 மைல், இவற்றில் எது முந்துகின்றதோ அதுவரை பொறுப்பேற்கின்றது. வேறு நாட்டில் வேறு கணக்கு. வாக்குறுதி முடிந்ததனாற் சட்டக் கடப்பாடும் முடிந்ததெனக் கொள்ளுதல் தவறு. நம் மாணவரிடம் அவ்வியாபாரி கூறிய மறுமொழி இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்ததேயாகும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. குறை எப்போது தோன்றியது என்பதை மெய்ப்பிப்பவர் யார்? முன்னர், வாங்கி ஆறு மாதத்துள் வெளிப்பட்ட குறை, ஒப்படைத்த நாளிலேயே இருந்தது எனச் சட்டம் கருதியது. 2022 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் வாங்கப்படும் பொருள்களுக்கு இக்காலம் ஓராண்டாக உயர்த்தப்பட்டுள்ளது. அவ்வாறன்று எனக் காட்டும் பொறுப்பு விற்றவருடையது. டயர், தடைக்கட்டை முதலியன ஓடி ஓடித் தேய்தல் குறையாகாது என்பதையும் மறத்தலாகாது.

எல்லை கடக்குமுன்

ஜேர்மனியின் பெருந்தெருக்களிற் கார்களுக்குச் சுங்கம் இல்லை. பல பகுதிகளில் வேக எல்லையும் இல்லை. மணிக்கு 130 கிலோமீற்றர் என்பது 1978 ஆம் ஆண்டு முதல் உள்ள அறிவுரை மாத்திரமே. தெற்கே ஒஸ்திரியாவினுள் நுழைந்தால் நிலை வேறு. அங்கே 1997 ஆம் ஆண்டு தொடக்கம் பெருந்தெருவிற் செல்வதற்குக் கட்டண முத்திரை வேண்டும். இன்ஸ்புறூக்கிலிருந்து இத்தாலிய எல்லைக்கு ஏறும் பிறென்னர் பெருந்தெருவுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. அவ்வழியில், 1963 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஐரோப்பாப் பாலம் பள்ளத்தாக்கின் மேல் ஏறத்தாழ 190 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. பிறென்னர் கணவாயோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,370 மீற்றர் உயரமுடையது. இத்தாலியில் நுழைந்தபின், ஓடிய தூரத்துக்கேற்பச் சுங்கம் செலுத்துதல் வேண்டும். பழைய நகரங்களின் நடுப்பகுதியில் அனுமதியின்றிப் புகுந்தால், கமெரா படம் பிடிக்க, தண்டப் பத்திரம் வீடு தேடி வரும்.

ஜேர்மனியில் எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேற்சட்டை ஆகிய மூன்றும் காரில் இருத்தல் கட்டாயம். கோடை வெப்பத்திலே குடும்பமும் பொதியும் ஏற்றி, வாகன நெரிசலில் நின்று நின்று மலை ஏறுதல் எத்துணைச் சிறந்த காருக்கும் ஒரு சோதனையாகும். ஒளிந்திருந்த குறை அப்போதுதான் வெளிப்படும். பேர்த்தா அம்மையாரின் அனுபவமும் அதுவன்றோ?

இன்ஸ்புறூக்கில் ஓர் இரவு

அன்றிரவு நம் மாணவர் பணத்தைக் கட்டிக் காரைத் திருத்தவே எண்ணினாராம். பிள்ளைகள் கடலைக் காணாது திரும்புவதை அவர் மனம் பொறுக்கவில்லை. அப்போது அவர் மனைவியார், "காசு கட்டுவதற்கு முன்னம் அந்தக் கடதாசியை ஒருக்கால் வாசியுங்கோ" என்றார். விடுதி அறையில், உறங்கும் பிள்ளைகளுக்கு அருகே, இருவரும் விற்பனை உடன்படிக்கையை வரிவரியாகப் படித்தனர். விற்றவரின் கடப்பாடு ஓராண்டு என்று அதில் எழுதியிருந்தது. கார் வாங்கி நான்கு மாதமே ஆகியிருந்தது.

அவர்கள் காரை அங்கே திருத்தவில்லை. அதுவே அவர்களைக் காத்தது. ஏனெனில், விற்றவருக்குத் திருத்திக் கொடுக்கும் வாய்ப்பை அளிக்காமல் வேறிடத்திற் பழுதுபார்ப்பவர், செலவைக் கேட்கும் உரிமையையே பெரும்பாலும் இழந்துவிடுவர் என்பது அந்நாட்டுச் சட்டம். தாம் உறுப்பினராயிருந்த மோட்டார்ச் சங்கத்தின் உதவியாற் காரை ஊருக்கு அனுப்பிவிட்டு, நால்வரும் ரயிலில் வீடு திரும்பினர். இளைய பிள்ளை மியூனிக் வரும்வரை அழுததாம்.

பின்னர், இரண்டு வாரத் தவணை குறித்து வியாபாரிக்குப் பதிவுத் தபாலிற் கடிதம் எழுதினார். வாங்கிய திகதி, குறை வெளிப்பட்ட திகதி, ஓடிய தூரம் யாவற்றையும் அதிற் குறிப்பிட்டார். ஏச்சுச் சொல் ஒன்றேனும் எழுதவில்லை. தவணை முடிவதற்கு இரண்டு நாள் இருக்கையில் வியாபாரி காரைப் பொறுப்பேற்றுத் தம் செலவிலே திருத்திக் கொடுத்தார்.

"பிறகு கடலைப் பார்த்தார்களா?" என்று நாம் வினவினோம். அவர் தம் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் ஒன்றைக் காட்டினார். 2024 ஆம் ஆண்டு, அதே கார். பின்னால் இத்தாலியக் கடல். முழங்கால் வரை நனைந்த பிள்ளைகள் இருவர். மனைவியாரைப் படத்திற் காணவில்லை. "அவதான் படம் எடுத்தவ, சேர்" என்றார்.

மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கார் வாங்கும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால், நாளை ஒரு மிதிவண்டியோ தையல் இயந்திரமோ வாங்கும்போது, அதனுடன் தரும் கடதாசியை வீட்டில் ஒருவரேனும் முழுதும் படித்து, கைக்கெட்டும் இடத்திற் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். பொருள் உறுதியாயிருக்கும்வரை அக்கடதாசி நினைவுக்கு வராது. அது நினைவுக்கு வரும் நாளிலே தேடிக்கொண்டிருத்தல் ஆகாது.