களப்போடிய தண்டையல்கள்

ஆழ்கடலில் கலம் செலுத்துவோன் புயலுக்கு அஞ்சுவான். களப்பில் படகு செலுத்துவோன் தரைக்கு அஞ்சுவான். முழங்காலளவு நீரின் கீழ் மறைந்துகிடக்கும் மணற்றிட்டு ஒன்றே உப்பு மூடைகளோடு வரும் படகைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. இலங்கைக் கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவாதலால், பெருநீர் வந்து மீட்கும் எனக் காத்திருப்பதிலும் பெரும்பயன் இல்லை. ஆகவே, புத்தளம் களப்பில் படகோட்டிய தண்டையலின் கல்வி முதன்மையாக நீரின் அடியைப் பற்றியதாயிற்று.

கற்பிட்டி அக்களப்பின் வாயிலை ஒட்டி அமைந்த ஊர். வடக்கே கடல், தெற்கே புத்தளம் வரை நீண்டு கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. பெரும்பாலான இடங்களில் ஒன்றிரண்டு மீற்றர் ஆழமே உண்டு. ஒல்லாந்தர் 1667 இல் இங்கே கோட்டை கட்டத் தொடங்கியதும் இவ்வாயிலைக் கருதியே. கண்டி இராச்சியத்தின் வாணிகம் புத்தளத்தின் வழியாகக் கடலுக்குச் செல்வதைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க அவர்கள் விரும்பினர். கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் ஆகிய ஊர்களை இணைக்கும் நீர்வழியும் அவர்கள் வெட்டிய வாய்க்கால்களால் உருப்பெற்றது. ஆங்கிலேயர் 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்த ஹமில்டன் வாய்க்கால் அதன் தென்பகுதியில் சேர்ந்தது.

தட்டையான அடியும் கிடுகுக் கூரையும் கொண்ட படகுகள் இவ்வழியே புத்தளத்து உப்பைத் தெற்கே கொண்டுசென்றன. காற்று உதவினால் பாய் விரிப்பர்; உதவாவிடின் நீண்ட கோலை ஊன்றித் தள்ளுவர்; வாய்க்காலிலோ கரையில் நடந்து கயிற்றால் இழுப்பதும் உண்டு.

நீர் கருமையாகத் தோன்றினால் கீழே கடற்புல் உண்டு. வெளிறித் தோன்றினால் மணல். வாடைக்கால மழையில் மீ ஓயாவும் கலா ஓயாவும் வண்டலைக் கொணர்ந்து நீரைக் கலக்கும்போது கண்ணால் பயனில்லை. அப்போது கோலின் நுனிதான் வழிகாட்டி. சேற்றில் அது புதையும், மணலில் உராயும். கையில் உணரும் அந்த வேற்றுமையைக் கொண்டே தண்டையல் வழியைத் தேர்வான்.

உலகின் வடகோடியில், கனடாவின் யூக்கோன் ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டியவர்களும் இவ்வித்தையே கற்றனர். ஆண்டுதோறும் பனி உருகியபின் இடம்மாறிய திட்டுகளை அவர்கள் புதிதாக அறிய வேண்டியிருந்தது. அங்கே வீதி வந்தது. ‘கிளொண்டைக்’ என்னும் கப்பல் 1955 இல் ஓய்ந்து, இன்று வைற்ஹோஸ் நகரில் காட்சிப்பொருளாகப் பேணப்படுகிறது. இங்கே 1926 இல் புகையிரதம் புத்தளத்தை அடைந்தது. இருப்புப்பாதையும் வீதியும் மூடைகளைத் தம்பால் ஈர்த்துக்கொள்ள, நெடுவழிப் படகுத் தொழில் படிப்படியாக மங்கியது.

‘தமிழ் புளூட்டார்க்’ என்னும் நூலில் 1859 இல் தமிழ்ப் புலவர்களின் சரிதங்களைத் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டி, 1807 இல் பிறந்தது இக்கற்பிட்டியிலேதான். புலவரின் புகழை ஏடு காத்தது. தண்டையலின் கல்வியோ வாய்மொழியாலும் பழக்கத்தாலும் வளர்ந்தது; கற்பவர் இல்லாதபோது அதுவும் மறையும்.

எனினும், அது முற்றும் மறைந்துவிடவில்லை. இயந்திரப் படகில் செல்லும் இன்றைய மீனவரும் திட்டையும் காற்றையும் அறிந்தே தொழில் செய்கின்றனர். ஒவ்வொரு திட்டின் பெயரையும், ஒவ்வொரு காற்றின் குணத்தையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க, ஊர்ப் பள்ளி மாணவர் சிலர் ஒரு விடுமுறையைச் செலவிட்டாலும் நற்பயன் விளையும். புலவர்க்குச் சரிதம் எழுதியவரைப் பெற்ற ஊருக்கு அது ஏற்ற பணியன்றோ?