நம் வீட்டருகே மலைப்பாதைகள்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்பது பழமொழி. விடுமுறை விட்டதும் சமவெளி மக்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நம் ஏற்காட்டிற்கு ஓடி வருகிறார்கள். நாமோ எப்போது சேலத்திற்கு இறங்குவோம் என்று காத்திருக்கிறோம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் இருந்தேன். ஏரி, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கிளியூர் நீர்வீழ்ச்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனி இங்கே என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். கல்லூரிக்குச் சென்ற என் அண்ணன் தன் மலைச் சைக்கிளை எனக்கு விட்டுச் சென்றான். அதன் பிறகுதான், எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் நான் கால் வைக்காத மண்பாதைகள் எத்தனையோ இருப்பதை அறிந்தேன். அப்பாதைகளில் எப்படிச் செல்ல வேண்டும், எப்படிச் செல்லக்கூடாது என்பதைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை. இரண்டாவதை நான் தவறு செய்தே கற்றுக்கொண்டேன்.

மலைச் சைக்கிள் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே தமால்பைஸ் என்றொரு மலை இருக்கிறது. அதன் உயரம் 800 மீட்டருக்கும் குறைவு. நம் ஏற்காடு ஊரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே! 1970களில் அப்பகுதி இளைஞர்கள் கனமான பழைய சைக்கிள்களை மேலே கொண்டுபோய், செங்குத்தான மண்சாலை ஒன்றில் இறங்கிப் பார்த்தார்கள். 1976-ஆம் ஆண்டில் அங்கே பந்தயமும் தொடங்கியது. அச்சைக்கிள்களின் பிரேக், பின்சக்கரத்தின் நடுவே இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் அது சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், அந்தச் சாலைக்கு 'மறுபடி அடைத்தல்' என்ற பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அப்படித் தொடங்கிய விளையாட்டு 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியிலும் இடம் பெற்றது.

சாதாரணச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் என்ன வேறுபாடு? அகன்ற டயர், மண்ணைக் கவ்விப் பிடிக்கும் கட்டைகள், அதிர்ச்சியைத் தாங்கும் முன் கவை ஆகியவை பார்த்தவுடன் தெரியும். முக்கியமானது கியர் ஆகும். முன் பல்சக்கரத்தில் 32 பற்களும் பின் பல்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர் என்றால், நான்கு மீட்டர் தூரம் முன்னேறுவோம். அதே சைக்கிளில் முன்னே 24 பற்கள், பின்னே 32 பற்கள் என்று மாற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுதான் சுற்றும். ஒன்றரை மீட்டர்தான் நகர்வோம். ஆனால் காலுக்கு வேண்டிய விசை வெகுவாகக் குறையும். செய்யும் வேலை அதேதான். அதைப் பல சிறு தவணைகளாகப் பிரித்துச் செய்கிறோம், அவ்வளவே. கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நழுவும்.

இறக்கத்தில் பிரேக்கைக் கையாளுவதே பெரிய பாடம். உடலின் எடை முன்னே சாய்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கிலேயே இருக்கிறது. அதை வெடுக்கென்று பிடித்தால் நாம் தலைக்குமேல் பறந்து விழுவோம். பயந்து பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தாலோ சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டே போகும். ஆகவே இரண்டையும் மெதுவாக, சேர்த்துப் பிடித்து, இருக்கையிலிருந்து எழுந்து உடலைச் சற்றுப் பின்னே தள்ளிக்கொள்ள வேண்டும். வளைவில் நுழைவதற்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

புதுப் பாதையைக் கண்டுபிடிப்பதற்கு எங்களுக்கு உதவியது புவியியல் வகுப்பு. நில அளவைத் துறையின் வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். இரு சமஉயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு. ஒரு கிலோமீட்டரில் ஐந்து இடைவெளிகளைக் கடந்தால் 100 மீட்டர் ஏறுகிறோம் என்று பொருள். அது மூச்சு வாங்கும் ஏற்றம்தான். கோடுகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும் இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே புத்தி. வரைபடத்தில் பார்த்ததோடு நில்லாமல், முதன்முறை பாதை முழுவதும் நடந்தே பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை.

இனி என் தவறைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள காப்பித் தோட்டத்தில் ஒரு பாதை இறங்குகிறது. இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், கீழே காப்பிச் செடிகள். தோட்டத்து மேஸ்திரி ஐயாவிடம் அனுமதி கேட்டுத்தான் போனோம். காலாண்டு விடுமுறையில் நானும் இரு தோழியரும் அங்கே தினமும் சென்றோம். ஒரு வளைவில் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் சர்ரென்று வழுக்கித் திரும்பும். அந்த வேடிக்கைக்காகவே திரும்பத் திரும்ப அவ்வாறு செய்தோம்.

ஒருநாள் இரவு கனமழை பெய்தது. மறுநாள் போனால் நுழைவாயிலில் முள் வெட்டிப் போட்டிருந்தது. மேஸ்திரி ஐயா எங்களை அழைத்துச் சென்று காட்டினார். வழுக்கிய சக்கரங்கள் கீறிய தடத்தில் மழைநீர் ஓடி, பாதை முழங்கால் ஆழத்திற்கு அறுந்து கிடந்தது. மண் முழுவதும் கீழ்ப்படியிலிருந்த காப்பி நாற்றுகளை மூடிவிட்டது. அன்று காலை விறகுச் சுமையோடு வந்த பாட்டி ஒருவர் அந்தப் பள்ளத்தில் காலிடறி விழுந்திருக்கிறார். "உங்களுக்கு இது விளையாட்டு, பாப்பா. எங்களுக்கு இது வேலைக்குப் போகிற வழி" என்றார் அவர். எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்று மாலையே அந்தப் பாட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். வீங்கிய காலைத் தடவிக்கொண்டே, "பரவாயில்லை கண்ணு, இனிமே பார்த்துப் போங்க" என்றார். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும் கூடை சுமந்தோம். நாற்றுகளின் மேலிருந்த மண்ணை அள்ளிப் பள்ளத்தை நிரப்பினோம். பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கற்களைப் பதித்தால், நீர் வேகம் பிடிக்கும் முன்பே ஓரத்துப் புதருக்குள் திரும்பிவிடும். இந்த வித்தையைத் தோட்டத்துத் தொழிலாளர்கள்தாம் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள். அடுத்த மழைக்குப் பாதை கரையவில்லை. மூன்றாம் வாரம் முள்ளை அகற்றியவர் மேஸ்திரி ஐயாவே.

எங்களுக்கு நேர்ந்தது மலைச் சைக்கிள் பிறந்த மலையிலும் நேர்ந்திருக்கிறது. நடப்பவர்களும் குதிரையில் செல்பவர்களும் குறை கூறியதால், 1980களில் அங்கே பல ஒற்றையடிப் பாதைகள் சைக்கிள்களுக்கு மூடப்பட்டன. அதன் விளைவாகவே 1988-இல் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஒரு சங்கம் அமைத்து, பாதைகளைப் பழுது பார்க்கவும் பண்போடு ஓட்டவும் பிறருக்குக் கற்பிக்கத் தொடங்கினார்கள்.

தோழியரே, நீங்களும் புறப்படுவதானால் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். தோட்டமானால் உரியவரிடமும், காப்புக்காடானால் வனத்துறையிடமும் அனுமதி பெறுங்கள். தனியே போகாதீர்கள், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்கள். ஹெல்மெட், தண்ணீர், பம்ப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் அவசியம். மழை பெய்த மறுநாள் மண்பாதையில் இறங்க வேண்டாம். காட்டெருமை நின்றால் அது விலகும்வரை தூரத்திலேயே காத்திருங்கள். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை தோட்டப் பாதைகள் தொழிலாளர்களுக்கே உரியவை. மற்ற நாட்களிலும் சுமையோடு வருபவரைக் கண்டால் இறங்கி நின்று வழிவிடுங்கள்.

இப்போதும் அந்த வளைவைக் கடக்கும்போது என் கைகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கின்றன. பாட்டி எதிரே வந்தால் இறங்கி நிற்கிறேன். "எங்கே கண்ணு, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அவர் கைகாட்டும் பாதைகளில் பாதி, எந்த வரைபடத்திலும் இல்லை!