கிளிக்கு உறைக்காத மிளகாய்

பறவைகளுக்கு வைக்கும் தீனியில் யாராவது மிளகாய்த்தூளைக் கலப்பார்களா? அமெரிக்காவில் பலர் கலக்கிறார்கள்! அங்கே தோட்டத்தில் ஒரு தட்டைத் தொங்கவிட்டு, சூரியகாந்தி விதை போட்டுப் பறவைகளை வரவழைப்பார்கள். ஆனால் பறவைக்கு முன்னால் அணில் வந்து எல்லாவற்றையும் காலி செய்துவிடும். விதையில் காரம் இருந்தாலோ, அணில் ஒரு வாய் கடித்ததும் ஓட்டம்பிடிக்கும். பறவைகள் சாவகாசமாகக் கொத்தித் தின்னும்.

இது எப்படி? மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். நம் நாக்கு, மூக்கு, கண், தோல் எல்லாவற்றிலும் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் உண்டு. அவற்றில் உள்ள ஒரு புரதம், சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் வேலை செய்யத் தொடங்கும். கேப்சைசின் வந்து ஒட்டிக்கொண்டாலும் தொடங்கிவிடும். ஆறிப்போன குழம்பிலும் வாய் எரிவது இதனால்தான்! 1997-இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. அவர் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பறவைகளிடமும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் அமைப்பு சற்று வேறு. கேப்சைசின் அதைத் தூண்டாது. கிளி பச்சைமிளகாயை ரசித்துத் தின்பது அதனால்தான்.

இதில் மிளகாய்ச் செடிக்கும் லாபம். எலி விதையை மென்று அரைத்துவிடும். பறவைக்குப் பல் இல்லை; விழுங்கிய விதை எச்சத்தோடு முழுசாக விழுந்து முளைக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்தவர்கள் 2001-இல் இதைக் காட்டினார்கள்.

அணிலை விரட்டும் காரம் யானையையும் விரட்டுமா? ஜாம்பியா, ஜிம்பாப்வே நாட்டு விவசாயிகள் மிளகாய்த்தூளைப் பழைய இன்ஜின் ஆயிலில் குழைத்து, கயிற்றிலும் துணியிலும் பூசி, வயலைச் சுற்றிக் கட்டுகிறார்கள். யானை லத்தியோடு மிளகாயைப் பிசைந்து வரட்டி தட்டி, இரவில் புகைய விடுவதும் உண்டு. நமக்கு வாசனை அறியும் மரபணுக்கள் சுமார் 400. ஆப்பிரிக்க யானைக்கோ சுமார் 2,000! அவ்வளவு கூர்மையான தும்பிக்கையில் மிளகாய்ப் புகை ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தண்ணீரில் கரைக்காமல் ஆயிலில் ஏன் குழைக்கிறார்கள்? கேப்சைசின் தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெயோடு சேர்ந்தால் மழையிலும் சட்டென்று கழுவிப் போகாது. காரம் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காதது ஏன் என்று இப்போது புரிகிறதா?

மிளகாய் வேலி எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. காரம் மங்கினால் திரும்பப் பூச வேண்டும்; பசி அதிகமானால் விலங்கு துணிந்து நுழையும். ஆனாலும் அது யாரையும் கொல்லாது.

உங்கள் தோட்டத்துக்கு ஒரு கேள்வி: கொய்யாப் பழத்தைக் கிளி கொத்தினால் மிளகாய்த்தூள் உதவுமா? உதவாது! நாக்கை விட்டு, கிளியின் கண்ணைப் பற்றி யோசியுங்கள். பளபளக்கும் நாடாக்களைக் கிளையில் கட்டி, எத்தனை நாள் பயப்படுகிறது என்று குறித்து வையுங்கள்.