மூணு நிமிஷம் ஓடணும்

வானூரில் எனக்கு ஒரு லேத் பட்டறை. மரக்காணம் உப்பளத்து பம்ப்செட்டுகள்தான் பாதி வேலை. போன வருஷம் அக்கா மகன் ஒரு சாக்கை இறக்கினான். உள்ளே 15 கிலோ சண்டை ரோபோ. "ஒரே அடியில செத்துப்போச்சு மாமா."

1994இல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் தார்ப் என்பவர் நடத்திய போட்டியால் பரவிய விளையாட்டாம் இது. இப்போது சென்னை ஐஐடியின் சாஸ்த்ரா விழா வரைக்கும் வந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று நிமிஷம் மோதல். நகராமல் கிடந்தால் பத்து எண்ணுவார்கள். அதற்குள் அசையாவிட்டால் தோல்வி.

வெளித்தகட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். மூடியைக் கழற்றினேன். பேட்டரியின் சிவப்பு ஒயர் பற்றவைத்த இடத்தை ஒட்டி ஒடிந்து கிடந்தது. ஈயம் இழைகளுக்குள் ஏறினால் அந்தத் துண்டு கம்பிபோல் விறைத்துவிடும். விறைப்பு முடிகிற இடத்தில்தான் ஒவ்வொரு குலுக்கலும் வந்து விழும். ஒடிந்த துண்டை வெட்டி, லக்கை கிரிம்ப் அடித்து, ஓர் அங்குலம் தள்ளி ஒயரைச் சட்டத்தோடு டேக் போட்டுக் கட்டினேன். கன்ட்ரோல் போர்டு நேரே இரும்பில் முடுக்கியிருந்தது. அதன் கீழே பழைய டியூப் ரப்பர் வைத்தோம்.

அடுத்து போல்ட்டுகள். நாலு போல்ட்டை விரலாலேயே திருகி எடுத்தேன். "ஸ்பிரிங் வாஷர் போடலியாடா?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன்காரர் 1969இல் எழுதியதைச் சொன்னான். போல்ட்டை நீளவாக்கில் இழுப்பதைவிடப் பக்கவாட்டில் ஆட்டுவதுதான் அதைக் கழற்றுமாம்; அந்த ஆட்டத்துக்கு ஸ்பிரிங் வாஷர் தாங்காதாம். முப்பது வருஷம் வாஷரை நம்பியவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் பம்பின் அடிபோல்ட் எதனால் கழல்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அவன் கொண்டுவந்தது நீல லாக்டைட், மரை கழலாமல் பிடிக்கிற பசை. மரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது, துடைத்துவிட்டு ஒரு சொட்டு. நீலம் என்றால் ஸ்பானர் போட்டுக் கழற்றலாம். சிவப்பு என்றால் சூடு காட்டணும். ரெண்டு சண்டைக்கு நடுவில் அரை மணி கிடைத்தாலே அதிகம் என்கிறான், சூடு காட்ட எங்கே போவது? அதே அவசரத்துக்காக எல்லா போல்ட்டையும் ஒரே அளவாக, எம்5 ஆக மாற்றினோம். கையில் ஒரே ஆலன் கீ போதும்.

என் பங்குக்கு ஒன்று சொன்னேன். ஆயுத உருளையைப் பல்சக்கரத்தில் பூட்டியிருந்தான். பம்ப் இறுகினால் பெல்ட் வழுக்கும், அதனால்தான் இன்ஜின் பிழைக்கிறது. இங்கேயும் பெல்ட் போடு என்றேன். இப்போது உருளை இரும்பில் மோதி நின்றால் பெல்ட் கருகி நாறும். மோட்டார் ஷாஃப்ட் வளையாது.

அடுத்த போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றான். பாயின்ட்டில்தான். வண்டி கடைசி மணி வரைக்கும் ஓடியது. மீதி லாக்டைட் பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். இந்த வாரம் இரண்டு பம்ப்செட்டுக்குப் போட்டிருக்கிறேன்.